கால்வாய்க் கரை மருதமும் 25 டன் கிரேனும்: எடை தவறிய ஒரு தூக்கலின் நிகழ்வு ஆய்வு

பாளையங்கோட்டைப் பகுதியில் ஒரு பாசனக் கால்வாய்க் கரையில் சாய்ந்து நின்ற மருத மரத்தைக் கிரேன் வைத்து இறக்கிய வேலை இது. முதல் நாள் நாலாவது துண்டை அறுத்து முடித்த கணத்தில், கிரேனைத் தரையில் ஊன்றி நிறுத்தும் ஜாக்கிகளில் சாலைப் பக்கத்துப் பின் ஜாக்கி தன் பலகையை விட்டு சுமார் 10 செ.மீ. எழும்பியது. ஆளுக்கும் சேதமில்லை, வீட்டுக்கும் சேதமில்லை. ஆனால் அந்தத் துண்டுக்குத் தாளில் எழுதியிருந்த எடை 1,215 கிலோ. பிறகு எடைமேடையில் காட்டிய எடை 2,430 கிலோ. சரியாக இரண்டு மடங்கு. இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது, அதை எப்படி முன்கூட்டியே பிடித்திருக்கலாம், மறுநாள் என்னென்ன மாற்றப்பட்டது என்பதுதான் இந்த ஆய்வு.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இரும்புத் தூணையோ தண்ணீர்த் தொட்டியையோ தூக்கும் கிரேன்காரர், சுமையை நாலு விரல் உயர்த்திப் பார்த்து, வண்டி தாங்கவில்லை என்றால் திரும்ப வைத்துவிடலாம். மர வேலையில் அந்தச் சோதனைத் தூக்கல் கிடையாது. அறுப்பு முடிகிற வரை எடை மரத்தில் இருக்கிறது. முடிந்ததும் முழு எடையும் கொக்கிக்கு வந்துவிடுகிறது. அறுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. ஆகவே எடை, வாள் தொடும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

மரமும் இடமும்

நெஞ்சு மட்டத்தில் சுற்றளவு 3.6 மீட்டர், உயரம் ஏறத்தாழ 21 மீட்டர். சாலை, அதை ஒட்டி 5 மீட்டர் அகலக் கால்வாய், அக்கரையில் மரம், மரத்துக்குப் பின்னால் ஓட்டு வீடு. இதுதான் வரிசை. மரம் பல வருஷமாகவே வீட்டுப் பக்கம் சாய்ந்துதான் நின்றது. அதை இழுத்துப் பிடித்திருந்தவை கால்வாய்ப் பக்க வேர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களை மூழ்கடித்த மழையில் அந்தக் கரை அரித்து, வேர்கள் வெளியே தெரிந்தன. பிடி தளர்ந்ததும் சாய்வு கூடிக்கொண்டே வந்தது. கொப்பு ஒன்று கூரைக்கு மேலேயே நீண்டிருந்தது.

இப்படிப்பட்ட மரத்தில் வழக்கமான முறை உதவாது. வழக்கமான முறை என்றால், மேலே ஏறியவர் கொப்பை வெட்ட, கவட்டையில் சுற்றிய வடக்கயிற்றைக் கீழே நாலு பேர் பிடித்து மெல்ல விடுவது. அதில் விழும் கொப்பின் அதிர்ச்சி முழுக்க மரத்துக்கும் வேருக்கும் போகிறது. வேர்ப்பிடி போன மரத்தில் அந்த அதிர்ச்சியே கடைசி உதையாகிவிடும். கிரேன் துண்டை மேலிருந்து வாங்கிக்கொள்வதால் மரத்தின் மேல் புதுச் சுமை எதுவும் விழுவதில்லை. கிரேன் தேவைப்பட்டது அதற்காகத்தான். சீக்கிரம் முடிக்க வேண்டும் என்பதற்காக அல்ல.

கால்வாய்க் கரை மரம் அரசுக்குச் சொந்தம். மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதல், நீர்வளத் துறையின் அனுமதி, மின்வாரியத்தின் எல்.சி. (கம்பியில் மின்சாரத்தை நிறுத்தித் தரும் அனுமதி) மூன்றும் வாங்கியே வேலை தொடங்கியது. பிசானம் அறுவடை முடிந்து கால்வாய் அடைத்திருந்த சித்திரை மாதம் என்பதால் கால்வாயில் தண்ணீர் இல்லை. வீட்டில் இருந்தவர்களை அன்று வேறிடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். முதல் நாள் வேலையில் ஆகச் சரியாகச் செய்யப்பட்ட காரியம் அதுதான்.

ஹைட்ரா ஏன் ஆகாது

முதலில் பேசப்பட்டது 14 டன் ஹைட்ரா, சுமையைத் தூக்கிக்கொண்டே ஓடும் சிறு கிரேன். வாடகை குறைவு, எந்தச் சந்திலும் கிடைக்கும். நல்லவேளையாக அது கைவிடப்பட்டது. ஹைட்ராவுக்கு ஜாக்கி கிடையாது, நாலு டயரில்தான் நிற்கிறது. பூம், அதாவது கிரேனின் நீளும் கை, தனியாகச் சுழலாது. சுமையைத் திருப்ப வேண்டும் என்றால் வண்டியின் முன்பாதியையே ஒடித்துத் திருப்ப வேண்டும். அப்போது எடை மையமும் பக்கவாட்டில் நகர்கிறது. 14 டன் என்பது பூமை மடக்கி, சுமையை வண்டியின் மூக்கோடு ஒட்டிப் பிடிக்கும்போது உள்ள அளவு. பூமை நீட்டி எட்டிப் பிடிக்கும்போது அதில் சிறு பங்குதான் மிஞ்சும். மண் பாதையில், ஒரு டயர் பள்ளத்தில் இறங்கினால் அதுவும் போயிற்று. தரையில் கிடக்கும் கட்டையை லாரியில் ஏற்ற ஹைட்ரா அருமையான வண்டி. நிற்கும் மரத்தில் அறுக்கும் துண்டைப் பிடிக்க அதைக் கூப்பிடவே கூடாது.

வந்தது லாரி மேல் பொருத்திய 25 டன் டெலஸ்கோப்பிக் கிரேன். வண்டியின் எடை 27 டன், நாலு ஜாக்கி, கொக்கிக் கட்டை மட்டும் 250 கிலோ. சாலையில் கால்வாய்க்கு இணையாக நிறுத்தப்பட்டது. சுழல் மையத்திலிருந்து மரத்தின் அடி 11 மீட்டர். கூரைக்கு மேல் நீண்ட கொப்பின் எடை மையம் 14 மீட்டர்.

மரக்கடைக் கணக்கு

எடையைக் கணக்கிட்டவர் மர வியாபாரத்தில் பழுத்த கை. கொப்பின் நடுச் சுற்றளவு 2 மீட்டர், நீளம் 5 மீட்டர் என்று அளந்தது மிகச் சரி. அதன் பிறகு அவர் செய்தது, நம் ஊர் மரக்கடை எல்லாவற்றிலும் நடக்கும் கால் சுற்றளவுக் கணக்கு: சுற்றளவில் நாலில் ஒரு பங்கை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவது. அரை மீட்டர் பெருக்கல் அரை மீட்டர் பெருக்கல் ஐந்து, ஆக 1.25 கன மீட்டர், அதாவது 44 கன அடி. காய்ந்த மருதம் கன அடிக்கு 23 கிலோ என்று வைத்து, 1,015 கிலோ. கிளைக்கும் இலைக்கும் ஒரு 200 சேர்த்து, 1,215.

இதில் மூன்று தவறுகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறியிருக்கின்றன.

கால் சுற்றளவுக் கணக்கு, உருண்டைக் கட்டையை அறுத்துச் சதுரிக்கும்போது போகும் கழிவை முன்கூட்டியே கழித்துவிடும் கணக்கு. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் அது நியாயம். ஆனால் கொக்கியில் தொங்கும்போது அந்தக் கழிவும் சேர்ந்துதான் தொங்குகிறது. உண்மையான கன அளவில் 78.5 சதவீதத்தைத்தான் இந்தக் கணக்கு காட்டும். திருப்பிச் சொன்னால், மரக்கடைக் கன அடியோடு 27 சதவீதம் கூட்டினால்தான் முழுக் கட்டையின் அளவு வரும். இந்தக் கொப்பில் அது 1.25 அல்ல, 1.59 கன மீட்டர்.

அடுத்தது, காய்ந்த எடை. நிற்கும் மரம் தண்ணீர் குடித்த மரம். ஆற்றங்கரை, கால்வாய்க் கரை மருதத்தைக் கன மீட்டருக்கு 1,150 கிலோவுக்குக் குறைவாக எடுக்கக் கூடாது. மறுநாள் அளந்து பார்த்ததும் அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே வந்தது. 1.59 கன மீட்டருக்குக் கட்டை மட்டும் 1,830 கிலோ.

மூன்றாவது, இலை. தழைத்த கொப்பின் மேல்பகுதியைக் கையால் தள்ளி எடை சொல்லிவிட முடியாது. எடைமேடையில் தனியாகப் போட்டபோது கிளையும் இலையும் 600 கிலோ வந்தன. கட்டை எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. 200 என்று போட்டது வெறும் ஊகம்.

களத்தில் நின்றபடியே போட இதைவிட எளிய கணக்கு உண்டு. மீட்டரில் நடுச் சுற்றளவு, அதே சுற்றளவால் பெருக்கல், 0.08ஆல் பெருக்கல், நீளத்தால் பெருக்கல். இது முழுக் கன அளவு, கழிவு எதுவும் போகாது. பச்சை மருதத்துக்கு 1,150 வைத்தால் சுற்றளவு 1 மீட்டர் உள்ள கட்டை, மீட்டர் நீளத்துக்கு 92 கிலோ. ஒன்றரை மீட்டருக்கு 207. இரண்டுக்கு 368. இரண்டரைக்கு 575. மூன்றுக்கு 828. சுற்றளவு இரண்டு மடங்கானால் எடை நாலு மடங்கு. கண் மதிப்பு ஏமாறும் இடம் இதுதான். மேலே மெல்லிய கொப்புகளை இறக்கிப் பழகிய கண், அடிமரத்துக்கு வரும்போது அதே நீளத்தைக் கேட்கும்.

எந்த அட்டவணை?

எடை தவறியதோடு நின்றிருந்தால் கிரேன் தாங்கியிருக்கும். அதன் சுமை அட்டவணையில், அன்று வைத்த பூம் நீளத்துக்கு, 14 மீட்டர் தூரத்தில் 3.4 டன் என்று இருந்தது. தாளில் இருந்த 1.2 டன் அதில் மூன்றில் ஒரு பங்குதான் என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள்.

ஆனால் 3.4 டன் என்பது நாலு ஜாக்கியும் முழுதாக நீட்டியிருக்கும்போது. கால்வாய்ப் பக்கத்து இரண்டு ஜாக்கிகளைக் கரை விளிம்பு இடிக்கும் என்று பாதிதான் நீட்டியிருந்தார்கள். சுமை வரப்போவதும் அதே பக்கம். பாதி நீட்டலுக்கு அதே அட்டவணைப் புத்தகத்தில் அடுத்த பக்கத்தில் வேறு அட்டவணை இருக்கிறது. அதில் 14 மீட்டருக்கு 2.2 டன். அந்தப் பக்கத்தை யாரும் திருப்பவில்லை.

இப்போது கூட்டிப் பார்க்கலாம். துண்டு 2,430. கொக்கிக் கட்டை 250. துண்டைக் கட்டும் பெல்ட்டும் அதைக் கொக்கியில் மாட்டும் ஷாக்கிள் வளையமும் 30. மொத்தம் 2,710 கிலோ, தாங்கு திறன் 2,200. நூற்றுக்கு 123. போதாததற்கு, சுமை ஏறியதும் பூம் வளைந்து கொக்கி வெளியே போகும். வெறும் கொக்கியில் அளந்த 14 மீட்டர், சுமையோடு 14.5 ஆகியிருக்கும். கவிழும் எல்லைக்கும் அட்டவணைக்கும் நடுவில் தயாரிப்பாளர் வைத்திருக்கும் இடைவெளியில் பெரும்பகுதியை அன்று தின்றாயிற்று.

இதைச் சொல்வதற்கென்றே கேபினில் சுமை எச்சரிக்கைக் கருவி இருந்தது. அந்தக் கருவியை வேலை செய்யாமல் நிறுத்தும் பைபாஸ் சாவி திருப்பிய நிலையிலேயே இருந்தது. சாவியின் தலையை ஒரு துண்டு கட்டுக்கம்பியால் பேனலோடு முறுக்கிக் கட்டியிருந்தார்கள், நழுவிவிடாமல் இருக்க. கம்பி துருவேறியிருந்தது. அன்று காலையில் கட்டியதல்ல, எத்தனையோ வேலைக்கு முன்பு கட்டியது. கருவி ஊளையிட்டால் வேலை ஓடாது என்பதற்காகச் செய்யும் இந்தக் கட்டு நிறைய வாடகை வண்டிகளில் இருக்கிறது. கிரேன் உள்ளே வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது இந்தச் சாவியைத்தான். அது பைபாஸில் இருந்தால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடலாம். வாடகை போனாலும் பரவாயில்லை.

ஜாக்கி எழும்பியபோது

சிக்னல் பார்த்தவர் கொப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜாக்கியைப் பார்க்கவென்று நிறுத்தியிருந்த ஆள்தான் “அண்ணாச்சி, பின் ஜாக்கி தூக்கிட்டு!” என்று கத்தினார். ஆபரேட்டர் எல்லா லீவரையும் விட்டுவிட்டார். பிறகு மிக மெதுவாகப் பூமை உயர்த்தி, தூரத்தை 12 மீட்டருக்குக் குறைக்க, ஜாக்கி தன் பலகையில் வந்து உட்கார்ந்தது. துண்டைக் காய்ந்த கால்வாய்க்குள் இறக்கினார்.

நல்லபடியாக முடிந்ததால் இதைச் சரியான முறை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பூமை உயர்த்தத் தொடங்கும் அந்த முதல் அசைவிலேயே சுமை தன் எடைக்கு மேல் ஒரு இழுப்பைக் கொடுக்கும். கைவசம் இருந்த சிறு இடைவெளி அதிலேயே போயிருக்கலாம். கவிழத் தொடங்கும் கிரேனுக்கு முதல் மருந்து, சுமையை உடனே கீழே விடுவது. கீழே இருந்தது கூரை. ஆனால் வீடு காலி. ஓடுகளும் கைமரமும் உடைந்தால் மாற்றிவிடலாம். 27 டன் வண்டி கவிழ்ந்தால் அந்த வீடே இல்லை, ஆபரேட்டரும் இல்லை. “ஜாக்கி தூக்கினால் துண்டைக் கூரை மேலேயே விடு” என்று காலையிலேயே ஆபரேட்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்காரரிடமும் அந்தச் சம்மதத்தை முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும். நெருக்கடியில் ஆபரேட்டர் கூரையைக் காப்பாற்றத்தான் பார்ப்பார், மனித இயல்பு அது.

மறுநாள் மாற்றியவை

பெரிய மாற்றம் கிரேன் நின்ற இடம். வீட்டுக்குப் பக்கத்தில் பழைய நெல் களம் ஒன்று இருந்தது. அங்கிருந்து மரம் 9 மீட்டர்தான், நாலு ஜாக்கியையும் முழுதாக நீட்ட இடமும் உண்டு. முதல் நாளே அங்கே போகாததற்குக் காரணம், இரும்புக் கேட் 2.4 மீட்டர் அகலம், வண்டி 2.5 மீட்டர். ஒரு கேட்டையும் ஒரு தூணையும் கழற்றிப் பூட்ட ஒரு கொத்தனாருக்கு ஒரு நாள் கூலி. அதை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் 14 மீட்டர் தூரமும் பாதி ஜாக்கியும் வந்தன. மர வேலையில் கிரேன் எங்கே நிற்கிறது என்பதிலேயே பாதி பத்திரம் அடங்கியிருக்கிறது. அதற்கு ஆகும் செலவைக் குறைத்தால் வேறெங்கும் ஈடுகட்ட முடியாது.

களத்து மண் பார்க்க இறுகிக் கிடந்தது. வீட்டுப் பெரியவரைக் கேட்டதில்தான், மூலையில் மூடிவிட்ட உறைகிணறு ஒன்று இருப்பது தெரிந்தது. கடப்பாரையால் குத்திக்கொண்டே போனால் சத்தத்திலேயே தெரிகிறது: இறுகிய இடத்தில் ‘ணங்’ என்று கை அதிரும், மூடிய குழிக்கு மேல் மந்தமாக உள்ளே இறங்கும். அந்த இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்டு, ஜாக்கி எதுவும் அதற்கு 3 மீட்டருக்குள் வராமல் வண்டி நிறுத்தப்பட்டது. கழிவுநீர்த் தொட்டி, குடிநீர்க் குழாய் எல்லாவற்றுக்கும் இதே விசாரணை தேவை. பழைய ஊர்களில் வரைபடம் இருக்காது, பெரியவர்களுக்குத்தான் தெரியும்.

ஜாக்கிப் பலகையின் அளவையும் கணக்குப் போட்டே எடுக்க வேண்டும். வண்டி 27, சுமை 3, மொத்தம் 30 டன். பூம் ஒரு ஜாக்கியின் திசையில் திரும்பும்போது அதில் நாலில் மூன்று பங்கு, அதாவது சுமார் 22 டன், அந்த ஒற்றை ஜாக்கிக்குப் போகும் என்று வைத்துக்கொள்ள வேண்டும். ஆற்றுப்படுகை வண்டல் மண்ணுக்குச் சதுர மீட்டருக்கு 10 டன் என்று பாதுகாப்பாக எடுத்தால், 2.2 சதுர மீட்டர் பலகை தேவை. ஒன்றரை மீட்டருக்கு ஒன்றரை மீட்டர், ரயில்வே ஸ்லீப்பர் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அடுக்கு, மேலே இரும்புத் தகடு. முதல் நாள் வைத்திருந்தது ஒற்றை அடுக்கில் 60 செ.மீ. பலகை, தார்ச் சாலை தாங்கியது, களத்து மண் தாங்கியிருக்காது. கால்வாய், பள்ளம் பக்கம் நிறுத்த வேண்டி வந்தால், பலகையின் விளிம்புக்கும் பள்ளத்தின் விளிம்புக்கும் நடுவில் குறைந்தது பள்ளத்தின் ஆழம் அளவுக்குத் தரை விட வேண்டும். அந்தக் கால்வாய் 2.2 மீட்டர் ஆழம். முதல் நாள் விட்டது அதைவிடக் குறைவு.

இரண்டாவது மாற்றம், முதல் துண்டையே எடைக்கல்லாக்கியது. கொக்கியில் மாட்டும் 5 டன் டிஜிட்டல் தொங்கு தராசு வாடகைக்கு எடுக்கப்பட்டது. இலை கழித்த சிறு துண்டு ஒன்று: நடுச் சுற்றளவு 1.2 மீட்டர், நீளம் 3 மீட்டர், கணக்கில் 0.346 கன மீட்டர். தராசு 415 காட்டியது. பெல்ட் ஷாக்கிள் 15 போக 400 கிலோ. வகுத்தால் கன மீட்டருக்கு 1,157. அந்த மரத்துக்கு அன்றைய உண்மை எடை அதுதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் சாக்பீஸால் மரத்திலேயே சுற்றளவு, நீளம், எடை எழுதி, ஆபரேட்டரும் மேலே இருப்பவரும் அந்த எண்ணை வாக்கி டாக்கியில் திருப்பிச் சொன்ன பிறகே அறுப்பு.

துண்டின் எல்லையும் மாறியது. களத்திலிருந்து 10 மீட்டர் தூரத்துக்கு அட்டவணை 5.8 டன். அதில் பாதியான 2.9 டன்தான் எல்லை. கொக்கி, தராசு, பெல்ட் போகத் துண்டுக்கு 2.5. பாதி என்பது மிகை என்று சிலர் சொல்வார்கள். மரம் இரும்பல்ல, உள்ளே பொந்து இருக்கும், பொந்தில் தண்ணீர் நிற்கும், ஒரு பக்கம் வைரம் ஏறியிருக்கும். அறுத்த கணத்தில் எகிறவும் செய்யும். மர வேலையில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்பதே எங்கள் உறுதியான நிலை. எச்சரிக்கைக் கருவியின் சாவி கழற்றப்பட்டு மேற்பார்வையாளரின் சட்டைப் பைக்குப் போனது.

பெல்ட் கட்டுவதும் அறுப்பதும்

மருதத்தின் பட்டை தகடு தகடாக உரியும். அதன் மேல் கட்டிய பெல்ட் சுமை ஏறியதும் பட்டையோடு சேர்ந்து வழுக்கும். கட்டும் இடத்தில் தளர்ந்த பட்டையைச் சீவிவிட்டு, ஒற்றைச் சுருக்குக்குப் பதில் இரண்டு சுற்றுச் சுற்றிச் சுருக்கிட வேண்டும். முடிந்தால் கவட்டைக்குக் கீழேயோ ஒரு முண்டுக்குக் கீழேயோ பெல்ட் போய் முட்டும்படி கட்ட வேண்டும். சுத்தியலால் தட்டிப் பொந்துச் சத்தம் வரும் இடத்தில் கட்டவே கூடாது.

பெல்ட்டின் நிறமே அதன் திறனைச் சொல்லும்: ஊதா 1 டன், பச்சை 2, மஞ்சள் 3, சாம்பல் 4, சிவப்பு 5. அது நேராகத் தொங்கவிடும்போது உள்ள திறன். சுருக்கிட்டால் 80 சதவீதம்தான். மஞ்சள் பெல்ட் 2.4 டன் ஆகிவிடும். நீள வாக்கில் கிடக்கும் கொப்புக்கு இரண்டு கால் போடும்போது, பெல்ட்டுக்கும் கட்டைக்கும் நடுவில் உள்ள கோணம் 60 பாகை என்றால் ஒவ்வொரு காலிலும் எடையில் 58 சதவீதம் வரும். 45 பாகையில் 71. 30 பாகைக்குத் தாழ்ந்தால் ஒவ்வொரு காலும் முழு எடையைச் சுமக்கிறது. முதல் நாள் கொப்பு 2,430 கிலோ. பெல்ட் 30 பாகைக்குத் தட்டையாக விழுந்திருந்தால், சுருக்கிட்ட மஞ்சள் பெல்ட்டின் திறனையும் அது தாண்டியிருக்கும்.

கொக்கி, துண்டின் எடை மையத்துக்கு நேர் மேலே நிற்க வேண்டும். மையம் நீளத்தின் நடுவில் இராது; தடித்த பக்கத்தை நோக்கி இருக்கும், தழை அடர்ந்திருந்தால் மறுபக்கம் நகரும். கொக்கி தள்ளி நின்றால் அறுத்ததும் துண்டு ஊசலாடிப் பூமைப் பக்கவாட்டில் இழுக்கும். பூம் மேல்கீழாகத் தாங்கச் செய்யப்பட்டது. பக்க இழுப்பில் எவ்வளவு பெரிய பூமும் நொடிந்துவிடும். சாய்ந்த மரத்தைக் கிரேனால் இழுத்து நிமிர்த்தச் சொல்வதும், வேரோடு பிடுங்கச் சொல்வதும் இதனால்தான் கூடாது.

அறுக்குமுன் கம்பியில் எவ்வளவு இழுப்பு வைப்பது என்பதைத் தராசு சொல்லிவிடும்: கணக்கிட்ட துண்டு எடை அளவுக்கு. குறைவாக வைத்தால் அறுப்பு வாய் மூடிக்கொண்டு செயின்சாவின் பாரை (சங்கிலி ஓடும் தகட்டை) கவ்வும், பிறகு துண்டு தொப்பென்று கம்பியில் விழும். அதிகமாக வைத்தால் அறுந்ததும் மேலே எகிறும். சரியாக இருந்தால் வாள் வாய் மெதுவாக, ஒரே சீராகத் திறக்கும். வாள் வாய் சட்டென்று விரிந்தால் அறுப்பதை நிறுத்திவிட்டு இழுப்பைத் தளர்த்த வேண்டும். கடைசி நாரை அறுக்காமல் விட்டு, “தூக்கிப் பிய்த்துவிடு” என்று கிரேனிடம் விடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. நார் எவ்வளவு பலத்தில் அறும் என்று யாராலும் சொல்ல முடியாது. அறும் கணத்தில் அத்தனை பலமும் அதிர்ச்சியாகப் பூமுக்குப் போகிறது. முழுதாக அறுக்க வேண்டும்.

அறுப்பவரின் பெல்ட்டும் கயிறும் அறுப்புக்குக் கீழே, நிற்கப்போகும் பகுதியில் கட்டியிருக்க வேண்டும். பேச்சுக்குக்கூட அவரைக் கொக்கியில் தொங்கவிட்டு ஏற்றக் கூடாது. இந்த வேலையில் ஆளைக் கூடையில் உயர்த்தும் ஸ்கை லிஃப்ட் வண்டி தனியாக ஒன்று வந்தது. அவர் அறுத்து முடித்து, செயின்சாவை அணைத்து, கூடையைப் பின்னால் எடுத்த பிறகே சிக்னல்காரர் ‘ஏத்து’ சைகை கொடுத்தார். ஒரே சிக்னல்காரர், நிறுத்தச் சொல்ல மட்டும் எல்லோருக்கும் உரிமை.

மின்கம்பி பற்றிச் சுருக்கமாக. எல்.சி. வாங்கிவிட்டோம் என்பதால் கம்பி செத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏதோ ஒரு வீட்டு ஜெனரேட்டர் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கலாம். லைன்மேன் கம்பியைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடு போட்டதைக் கண்ணால் பார்த்த பிறகே பூம் எழ வேண்டும். அதற்குப் பிறகும் 3 மீட்டர் இடைவெளி.

காற்று விஷயத்தில் நம் சீமைக்கு ஒரு தனிக் கவனம் வேண்டும். ஆனி பிறந்துவிட்டால் செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியாக மேல்காற்று அடிக்கத் தொடங்கும். ஆடியில் கேட்கவே வேண்டாம். தழையோடு தொங்கும் கொப்பு, அதே எடையுள்ள இரும்பைவிடப் பல மடங்கு காற்றை வாங்கும். கிரேன் புத்தகத்தில் மணிக்கு 35 கி.மீ. என்று இருந்தால், தழைக் கொப்புக்கு 20 கி.மீ.யிலேயே நிறுத்திவிடுவது நல்லது. சித்திரையிலும் காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்தரைக்குள் உயரமான கொப்புகளை முடித்து, வெயில் ஏறிக் காற்று கிளம்பிய பிறகு அடிமரத்துக்கு வருவதே ஒழுங்கு.

மறுநாள் அடிமரம் வரை இப்படியே இறங்கியது. சுற்றளவு 3 மீட்டர் இருந்த இடத்தில் துண்டின் நீளம் 3 மீட்டருக்கு மேல் போகவில்லை, 3.4 மீட்டர் சுற்றளவில் 2.2 மீட்டர் நீளம், ஏறத்தாழ 2,340 கிலோ. ஒவ்வொன்றையும் அறுக்க 30 அங்குலப் பார், இரு பக்கமிருந்தும், ஆப்பு அடித்துக்கொண்டே. மேல் எடை குறையக் குறையச் சாய்ந்த மரம் கால்வாய்ப் பக்கம் மெல்ல நிமிரும். வேரடி மண்ணில் குத்தி வைத்த ஒரு முளையையும் மரத்தில் அடித்த ஒரு ஆணியையும் நூலால் இணைத்து, நூல் தளர்கிறதா, இறுகுகிறதா என்று பார்க்க ஒருவர் நிறுத்தப்பட்டார். ஒவ்வொரு துண்டுக்கும் பிறகு அவர் தகவல் சொன்ன பின்பே அடுத்த கட்டு.

அடிக்கட்டை ஒரு மீட்டர் உயரத்துக்கு அப்படியே விடப்பட்டது. ஜே.சி.பி. வைத்துத் தோண்டிவிடலாம் என்று அங்கே பேச்சு வந்தது. வெள்ளத்தில் அரித்துப்போன கரையில் மிச்ச மண்ணைப் பிடித்திருப்பது அந்த வேர்கள்தான். கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்குமுன் நீர்வளத் துறை கல் கட்டித் தரும் வரை அதைத் தொட வேண்டாம் என்று வேலை அறிக்கையில் எழுதி, வீட்டுக்காரரிடமும் சொல்லி, கட்டையில் சிவப்பு வர்ணம் பூசி வேலை முடிக்கப்பட்டது.